வயல் தரிசானது, பள்ளி திறந்தது: நெய்யாற்றின்கரை தரும் புறக்கணிப்புப் பாடம்

புதுதில்லி: திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள ஊரூட்டம்பலம் அரசுப் பள்ளியில், தீயில் கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பஞ்சமி என்ற புலையர் சமூகச் சிறுமியை அப்பள்ளியில் சேர்க்க முற்பட்டபோது மூண்ட கலவரத்தில் பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. எஞ்சியவற்றில் ஒன்று அந்தப் பெஞ்சு. 2022-ம் ஆண்டில் கேரள அரசு அப்பள்ளிக்கு அச் சிறுமியின் பெயரையும், அவரை அழைத்துச் சென்ற அய்யன்காளியின் பெயரையும் சூட்டியது.

பாலஸ்தீனப் பிரச்னை குறித்துத் தலைநகரில் நடைபெறும் விவாதங்களில் "புறக்கணிப்பு' என்ற சொல் அடிக்கடி எழுகிறது. இஸ்ரேலியப் பொருள்களையும் நிறுவனங்களையும் புறக்கணித்துச் சம உரிமை பெறலாம் என்பது பாலஸ்தீன சமூக அமைப்புகளின் நம்பிக்கை. ஆயுதம் இல்லாத மக்கள் ஒத்துழைக்க மறுத்ததால் மட்டும் எங்கேனும் உரிமை பெற்றதுண்டா என்பது அதை ஏற்காதவர்களின் கேள்வி. இக்கேள்விக்கு விடை தேட நாம் ஆப்பிரிக்காவுக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதில்லை. களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் செல்லும் சாலையின் இருபுறத்திலும் அதற்கான விடை இருக்கிறது. அந்த விடை எளிதானதல்ல. அதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் சிறிதல்ல.

எல்லைக்கோடு பிரித்த வரலாறு

இன்று மாநில எல்லைக்கு இருபுறமும் உள்ள ஊர்கள் 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி வரை ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்தவை. அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்து குமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தமிழ்ப் பகுதிகளையும் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது, அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றுவிட்டன.

நிலத்துடன் வரலாறும் பிரிந்தது. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் குமரி மாவட்டத்தின் வரலாறாகத் தமிழகத்தில் நினைவுகூரப்படுகிறது. 1822-ம் ஆண்டு தொடங்கி 1859 வரை அலை அலையாக எழுந்த அப்போராட்டத்தின் முடிவில், 1859-ம் ஆண்டு ஜூலை 26-ம் தேதி திருவிதாங்கூர் அரசு மேலாடை அணிய அனுமதித்தது. ஆனால், உயர்சாதிப் பெண்களைப்போல அணியக் கூடாது என்ற நிபந்தனையையும் அந்த அறிவிப்பிலேயே சேர்த்தது. அதே நிலப்பரப்பின் மேற்குப் பகுதியில் அரை நூற்றாண்டு கழித்து அய்யன்காளி நடத்திய போராட்டம் கேரள வரலாறாகிவிட்டதால், தமிழ் வாசகர்களில் பலர் அதை அறிந்ததில்லை. உண்மையில் இரண்டும் ஒரே ஏற்பாட்டை எதிர்த்தவை. ஒருவர் எதை உடுத்தலாம், எந்தச் சாலையில் நடக்கலாம், தம் பிள்ளையை எங்கே படிக்க வைக்கலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்த ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டை ஆயுதமின்றி அசைத்த மற்றொரு நிகழ்வும் இப்பகுதியிலேயே நடந்தது. நெய்யாற்றின் கரையில் உள்ள அருவிப்புரத்தில் 1888-ம் ஆண்டு, ஈழவர் குலத்தில் பிறந்த நாராயண குரு சிவலிங்கப் பிரதிஷ்டை செய்தார். அந்தணர்க்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட செயலை அவர் எவரிடமும் அனுமதி கேட்காமல் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கலப்பையைக் கீழே வைத்தவர்கள்

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெங்கானூரில் 1863-ம் ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி பிறந்தவர் அய்யன்காளி. புலையர் மாட்டுவண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் செல்வது அடாத செயலாகக் கருதப்பட்ட காலத்தில், 1893-ம் ஆண்டு அவர் சொந்தமாக ஒரு வில்வண்டி வாங்கி, தலைப்பாகையுடன் அதில் ஏறிச் சென்றார். எதிர்ப்பு வந்தது, அவர் திரும்பவில்லை. பின்னர் ஆதரவாளர்களுடன் பாலராமபுரம் சந்தையை நோக்கி நடந்தபோது சாலியர் தெருவில் கைகலப்பு மூண்டது. அடித்தவர்களைத் திருப்பி அடிக்கவும் அவருடைய ஆள்கள் தயங்கவில்லை. அய்யன்காளியின் வழி முற்றிலும் அகிம்சை வழி என்று கூறுவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. ஆனால், அவருக்கு நிலையான வெற்றியைத் தேடித் தந்தது கைகலப்பு அல்ல, வேலை மறுப்புதான்.

1907-ம் ஆண்டில் அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்ற அரசின் முடிவு அக்காலத்தில் வெளிவந்திருந்தது. ஆனால், பள்ளிகள் ஜன்மிகளின் செல்வாக்கில் இருந்த ஊர்களில் அந்த முடிவு காகிதத்திலேயே தங்கிவிட்டது. பிள்ளைகளுடன் சென்ற பெற்றோர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டனர். மனுக்களுக்குப் பலன் கிட்டவில்லை.

இந்நிலையில்தான், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை என்றால் உங்கள் வயல்களில் புல்தான் முளைக்கும் என்று அய்யன்காளி அறிவித்ததாகக் கேரளத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உழவு, நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய வேலைகள் அனைத்தும் புலையர் உழைப்பை நம்பியே நடந்து வந்த காலம் அது. அவர்கள் வயலில் இறங்க மறுத்தனர். கூலி உயர்வு, அடி உதையிலிருந்து விடுதலை, பொதுச் சாலையில் நடமாடும் உரிமை ஆகியவற்றுடன் பள்ளி அனுமதியும் அவர்களுடைய கோரிக்கைகளில் இடம்பெற்றது. கூலிக்காக நடைபெற்ற வேலைநிறுத்தங்கள் உலகில் பல உண்டு. தம் பிள்ளைகளின் எழுத்தறிவுக்காக விவசாயக் கூலிகள் வேலையை நிறுத்தியது அரிதான நிகழ்வு.

ஜன்மிகள் முதலில் இதைப் பொருட்படுத்தவில்லை. பசி வந்தால் தாமே திரும்புவார்கள் என்று காத்திருந்தனர். தாங்களே வயலில் இறங்கிப் பார்த்தவர்களும் உண்டு. பழக்கமில்லாத கைகளுக்கு அந்த வேலை வசப்படவில்லை. வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. நிலங்கள் தரிசாகக் கிடந்தன. தொழிலாளர் குடிசைகளில் அடுப்பு எரியவில்லை.

கை கொடுத்த கடல்

இங்குதான் இந்த வரலாற்றின் மிக முக்கியமான கட்டம் வருகிறது. சேமிப்போ நிலமோ இல்லாத கூலிக் குடும்பங்கள் எப்படி அத்தனை மாதங்கள் தாக்குப்பிடித்தன? வெங்கானூரை அடுத்துள்ள விழிஞ்ஞம் கடற்கரைக்குச் சென்று அய்யன்காளி மீனவர்களிடம் உதவி கேட்டார். ஒவ்வொரு படகிலும் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, கிடைக்கும் மீனில் பங்கு தருவதற்கு மீனவர்கள் இசைந்தனர். அவர்கள் புலையர் அல்லர். ஜன்மிகளுடன் அவர்களுக்கு நேரடிப் பகையும் இல்லை. பள்ளி அனுமதிப் பிரச்னை அவர்களுடையதும் அல்ல. மூன்றாம் தரப்பினரான அவர்கள் ஒதுங்கி நின்றிருந்தால் பசியே ஜன்மிகளின் வேலையை முடித்திருக்கும்.

இறுதியில் அரசு தலையிட்டது. அப்போது திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி. கண்டல நாகன் பிள்ளை என்ற நீதித்துறை நடுவர் இருதரப்பையும் அழைத்துப் பேசிச் சமரசம் செய்துவைத்தார். கூலி உயர்வு, நடமாடும் உரிமை, பள்ளி அனுமதி ஆகிய கோரிக்கைகள் கொள்கை அளவில் ஏற்கப்பட்டன. 1911-ம் ஆண்டில் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத அவர், தம் மக்களுக்குப் புறம்போக்கு நிலமும் கல்வியும் கேட்டு அச்சபையில் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்.

பலவான் கையிலும் அதே ஆயுதம்

புறக்கணிப்பு ஒடுக்கப்பட்டோரின் ஆயுதம் மட்டுமல்ல என்பதையும் இதே ஊர்கள் காட்டின. ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளை உள்ளே நுழைந்த பள்ளிகளிலிருந்து மற்ற சாதியினர் தம் பிள்ளைகளை வெளியேற்றினர். இந்தப் பழக்கம் நூறாண்டு கழித்தும் மறையவில்லை. 2018-ம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக நியமிக்கப்பட்டபோது, அவர் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று சில பெற்றோர் பள்ளியை மூட வைத்ததை நாடே பார்த்தது.

ஜெர்மனியில் 1933-ம் ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கும்படி நாஜிகள் ஆணையிட்டனர். அதன் தொடர்ச்சி எங்கே போய் முடிந்தது என்பதை உலகம் அறியும். இன்றைய புறக்கணிப்பு இயக்கத்தைக் கண்டு யூத மக்களில் பலர் அஞ்சுவதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். அந்த அச்சத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஜெர்மனி நாடாளுமன்றம் 2019-ம் ஆண்டில் இவ்வியக்கத்தின் வழிமுறைகளை யூத எதிர்ப்பு என்று கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மாறாக, புறக்கணிக்குமாறு அழைப்பு விடுப்பது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று பிரான்ஸ் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020-ம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

இரண்டு வகைப் புறக்கணிப்பையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு. மற்றவருக்குள்ள உரிமை எனக்கும் வேண்டும் என்று கேட்பது ஒன்று. எனக்குள்ள உரிமை மற்றவருக்குக் கிடைக்கக் கூடாது என்று தடுப்பது மற்றொன்று. வெங்கானூர் வயல்கள் முதல் வகை; திருமலைக்கவுண்டன்பாளையம் இரண்டாம் வகை.

பாலஸ்தீனத்தின் நீண்ட பட்டியல்

பாலஸ்தீனம் என்றதும் குண்டுவெடிப்பும் ராக்கெட்டும் நினைவுக்கு வருவது இயல்பே. 2023-ம் ஆண்டு அக்டோபர் 7-ம் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த போரில் காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் மாண்டதும் அந்த நினைவை மேலும் ஆழப்படுத்திவிட்டன. ஆனால், ஆயுதமற்ற எதிர்ப்பின் பட்டியலும் அங்கு நீளமானது.

பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் 1936-ம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய அரபு மக்களின் பொது வேலைநிறுத்தம் அக்டோபர் வரை ஆறு மாதங்கள் நீடித்தது. முதல் எழுச்சியின்போது, 1989-ம் ஆண்டில், பெத்லகேம் அருகே உள்ள பெய்த் சஹூர் என்ற சிற்றூர் மக்கள் இஸ்ரேலிய ராணுவ நிர்வாகத்துக்கு வரி கட்ட மறுத்தனர். ஊர் வாரக்கணக்கில் முற்றுகையிடப்பட்டது. வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. இஸ்ரேலியப் பாலை வாங்காமலிருக்க அவ்வூரார் 18 பசுக்களை வாங்கி வளர்த்தனர். அந்தப் பசுக்களே பாதுகாப்புக்கு ஆபத்து என்று ராணுவம் அவற்றைத் தேடி அலைந்தது.

2005-ம் ஆண்டு ஜூலை 9-ம் தேதி 170-க்கும் மேற்பட்ட பாலஸ்தீன சமூக அமைப்புகள் புறக்கணிப்பு, முதலீட்டு விலக்கம், தடை என்ற மூன்று வழிகளையும் முன்வைத்து உலகுக்கு அழைப்பு விடுத்தன. ஆக்கிரமிப்புக்கு முடிவு, இஸ்ரேலில் வாழும் அரபுக் குடிமக்களுக்கு முழுச் சமத்துவம், அகதிகள் திரும்பும் உரிமை ஆகியவை அவற்றின் கோரிக்கைகள். மூன்றாவது கோரிக்கை நிறைவேறினால் யூதப் பெரும்பான்மை நாடு என்ற நிலையே மாறிவிடும் என்பது இஸ்ரேலின் ஆட்சேபம். 2018-ம் ஆண்டு மார்ச் 30-ம் தேதி முதல் காஸா எல்லை வேலியை நோக்கி வாரந்தோறும் பேரணிகள் நடந்தன. கல்வீச்சும் தீப்பற்றிய பட்டங்களும் அவற்றில் இருந்தன என்றாலும் பெரும்பாலோர் வெறுங்கையுடன் வந்தவர்களே. துப்பாக்கிச் சூட்டில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மகாத்மா காந்தி 1937-ம் ஆண்டு ஜனவரியில் வெங்கானூருக்கு வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறுவதைப் பார்த்துவிட்டு இறக்க வேண்டும் என்ற ஆசையை அய்யன்காளி அவரிடம் தெரிவித்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் "ஹரிஜன்' இதழில் பாலஸ்தீனம் பற்றி எழுதிய காந்தி, அந்த மண் அரபு மக்களுக்கு உரியது என்று கூறினார், அவர்கள் அகிம்சை வழியைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே என்ற தம் விருப்பத்தையும் அதில் பதிவு செய்தார். அந்த விருப்பத்துக்குப் பாலஸ்தீனர்கள் பல முறை செவிசாய்த்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் வெங்கானூரில் பலித்தது அங்கே ஏன் பலிக்கவில்லை?

மாற்று ஆள் கிடைத்தால்...

ஒரு முக்கியக் காரணம் பொருளாதாரம். புலையர் இறங்காவிட்டால் வெங்கானூர் வயலில் இறங்க வேறு ஆள் இல்லை. இஸ்ரேலுக்கோ வேறு ஆள் கிடைத்தது. முதல் எழுச்சிக்குப் பின், 1990-களில் பாலஸ்தீனத் தொழிலாளர்களின் வரவைக் கட்டுப்படுத்திய இஸ்ரேல், தாய்லாந்து, ருமேனியா போன்ற நாடுகளிலிருந்து ஆள்களைத் தருவித்தது. உழைப்பைத் தர மறுப்பது என்ற ஆயுதம் அத்துடன் பாலஸ்தீனர்களின் கையில் மழுங்கிப்போனது.

2023 அக்டோபருக்குப் பின் இதில் இந்தியாவும் சம்பந்தப்பட்டது. அத்தாக்குதலைத் தொடர்ந்து மேற்குக் கரைத் தொழிலாளர்களில் பெரும்பாலானோரின் வேலை அனுமதியை இஸ்ரேல் ரத்து செய்தது. கட்டுமானத் துறையில் ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2023 நவம்பரில் இரு நாடுகளும் தொழிலாளர்களை அனுப்புவது குறித்து உடன்பாடு செய்துகொண்டன. 2024 ஜனவரியில் ஹரியாணாவின் ரோத்தக்கிலும் உத்தரப் பிரதேசத்தின் லக்னௌவிலும் ஆள்தேர்வு நடந்தது. மாதம் சுமார் ரூ. 1.37 லட்சம் ஊதியம் என்ற அறிவிப்பைக் கண்டு இளைஞர்கள் குளிரில் வரிசையில் நின்றனர். ஆயிரக்கணக்கானோர் இஸ்ரேல் சென்றனர். வேலையில்லாத் திண்டாட்டத்தில் வாடும் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. போர் நடக்கும் மண்ணுக்கு, வேறு மக்களின் இடத்தை நிரப்ப அவர்களை அனுப்பலாமா என்று கேட்ட மத்தியத் தொழிற்சங்கங்களின் கேள்வி அரசை நோக்கியது.

இக்கேள்விக்கு வேறு விதமாக விடையளித்தவர்களும் இந்தியாவில் உண்டு. கண்ணூர் மாவட்டத்தில் இஸ்ரேல் காவல்துறைக்குச் சீருடை தைத்து வந்த ஆயத்த ஆடை நிறுவனம், அமைதி திரும்பும்வரை புதிய ஆர்டர்களை ஏற்பதில்லை என்று 2023 அக்டோபரில் அறிவித்தது. இந்திய நீர்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்குகளைத் தன் உறுப்பினர்கள் கையாள மாட்டார்கள் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

தில்லியின் நிலை

இன ஒதுக்கலைக் கண்டித்துத் தென்னாப்பிரிக்காவுடன் 1946-ம் ஆண்டிலேயே வணிகத்தை நிறுத்திய முதல் நாடு இந்தியா. அங்குள்ள இந்திய வம்சாவளியினருக்கு எதிரான நிலச் சட்டமே அதற்கு உடனடிக் காரணம். அத்தடையால் இந்தியாவுக்கும் இழப்பு இருந்தது. ஆயினும் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் அது நீடித்தது. பாலஸ்தீன நாட்டை 1988-ம் ஆண்டிலேயே இந்தியா அங்கீகரித்தது. இஸ்ரேலுடன் 1992-ம் ஆண்டில் முழுமையான தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது. 2024 செப்டம்பரில், ஆக்கிரமிப்பை ஓராண்டுக்குள் முடிவுக்குக் கொண்டுவரக் கோரும் தீர்மானம் ஐ.நா. பொதுச் சபையில் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. 2025 செப்டம்பரில், இரு நாடுகள் தீர்வை வலியுறுத்தும் நியூயார்க் பிரகடனத்தை ஆதரித்து வாக்களித்தது. இரு தரப்புடனும் நட்பு என்பது அரசின் கொள்கை. ஆனால், ஒரு தரப்பு வேலை இழந்த இடத்தில் தன் ஆள்களை நிரப்பும்போது, மூன்றாமவர் நடுநிலையில் நிற்பதாகச் சொல்ல முடியுமா என்பது எளிதில் தீராத கேள்வி.

நெய்யாற்றின்கரை தரும் பாடத்தை மிகைப்படுத்தவும் கூடாது. கோரிக்கைகள் ஏற்கப்பட்ட பிறகும் பள்ளிக் கதவுகள் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. ஊரூட்டம்பலத்தின் பெஞ்சு அதற்குச் சாட்சி. திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்க 1936-ம் ஆண்டு நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1941-ம் ஆண்டு ஜூன் 18-ம் தேதி அய்யன்காளி காலமானபோது, தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சட்டம் வர இன்னும் எட்டாண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆனாலும், சட்டம் தராததை வேலை மறுப்பும், வேலை மறுத்தவர்களைப் பட்டினியிலிருந்து காத்த அண்டை மக்களும் பெற்றுத் தந்தனர்.

அந்த மீனவர்கள் படகு இறக்கிய விழிஞ்ஞத்தில், 2025-ம் ஆண்டு மே 2-ம் தேதி பெரும் சர்வதேசத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்கள் இப்போது அங்கு வந்து செல்கின்றன. வெங்கானூர் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது.